தியென்மா குடுத்தா வலிப்பு நிக்குமா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல மருந்துக்கடையில பார்மசிஸ்ட். என் தம்பிக்கு பதினோரு வயசுலேர்ந்து ஃபிட்ஸ் இருக்கு. இந்த ரெண்டு விஷயமும் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும், சித்தி, அம்மாவோட கோயில் சிநேகிதிங்க, கடைக்கு வர்றவங்க, சுத்தி சுத்தி கேக்கறது ஒண்ணுதான்: "அந்த சீனா மூலிகை நல்லதாமே?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதான் எழுதி வெச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

தியென்மான்னா என்னங்க அது? வேரா, காளானா, காஞ்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு

ஆர்க்கிட் செடியோட கிழங்கு. அறிவியல் பேரு காஸ்ட்ரோடியா எலாட்டா. விசித்திரமான செடி, பச்சை இலையே கிடையாது, வெயில்ல சமைச்சு சாப்பிடத் தெரியாது, அதனால மண்ணுக்குள்ள ஆர்மிலேரியான்னு ஒரு காளான் இருக்கும், அதைத் தின்னுதான் வளரும். வழக்கமா காளான்தான் மரத்தைத் தின்னும், இங்க உல்டா. விவசாயம் பண்றவங்க முதல்ல மரக்கட்டைல காளானை வளத்து அதுக்குப் பக்கத்துல இதை நடணும். யுன்னான்ல சாவ்தோங், அப்புறம் குய்ச்சோ, ஷான்ஷி பக்கமெல்லாம் இது பெரிய வியாபாரம்.

வேகவெச்சு காயவெச்சா கொம்பு மாதிரி கெட்டியாயிடும். நல்ல சரக்குன்னா ஒரு முனைல செவப்பா கிளி மூக்கு மாதிரி ஒரு மொட்டு, இன்னொரு முனைல தொப்புள் மாதிரி வட்டமா ஒரு தழும்பு இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி இருக்குன்னு கேட்டீங்களே, நிஜமாவே உருளைக்கிழங்கை காயவெச்சு தியென்மான்னு விக்கறதும் உண்டு. நம்ம வீட்டு வாசல்ல பூக்கற அந்திமந்தாரை, அதோட வேரையும் இந்தப் பேர்ல தள்ளி விட்டிருக்காங்க. பொடியா அரைச்சு கேப்ஸ்யூல்ல போட்டுட்டா கிளி மூக்கை எங்க போய் தேடறது?

இதோட கொக்கி கொக்கியா ஒண்ணு தர்றாங்களே, அது என்ன?

அது கோ-தெங். ஒரு கொடி, இலை பிரியற எடத்துல தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சிருக்கும், அந்த முள்ளுதான் மருந்து. உன்காரியா ரிங்கோஃபில்லான்னு பேரு. கஷாயம் கிட்டத்தட்ட முடியற நேரத்துல கடைசியாத்தான் போடுவாங்க, ரொம்ப கொதிச்சா வீரியம் போயிடும்னு. வலிப்பு ஆராய்ச்சில தியென்மாவும் இதுவும் ஜோடியாவே வரும், அதனால கீழயும் ரெண்டையும் சேத்துத்தான் பேசறேன்.

எத்தனை வருஷமா குடுத்துட்டு இருக்காங்க? ரெண்டாயிரம் வருஷ மருந்து பொய்யாகுமா?

பழசுங்கறது உண்மைதான். சீனாவோட ரொம்பப் பழைய மருந்து நூல்லயே தியென்மா 'சிவப்பு அம்பு'ங்கற பேர்ல இருக்கு. உடம்புக்குள்ள காத்து கிளம்புது, அதனால இழுப்பு வருதுங்கறது அவங்க கணக்கு (நம்ம பாட்டிங்க வாதம்னு சொல்றதுக்கு பக்கத்து வீடு). 1732ல ச்செங் குவோபெங்னு ஒரு வைத்தியர் 'திங்ஷியென் வான்'னு ஒரு உருண்டை எழுதி வெச்சாரு, வலிப்ப நிறுத்தற உருண்டைன்னு அர்த்தம். அதுல தியென்மா இருக்கு, கூடவே தேள், பட்டுப்புழு, அம்பர், அப்புறம் சின்னபார். சின்னபார்னா பாதரசம் இருக்கற செவப்புத் தாது, நம்ம ஊர்ல சாதிலிங்கம். ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

பழசா இருக்கறதால ஒரு விஷயம்தான் நிச்சயம், ஜனங்க அதை நம்பினாங்க. ஐரோப்பாவுல நூத்துக்கணக்கான வருஷம் எந்த நோய்க்கும் ரத்தத்தை வடிச்சு விட்டுட்டு இருந்தாங்க, அதுவும் பழசுதான்.

சுத்தி வளைக்காதீங்க. சயின்டிஃபிக்கா ப்ரூவ் ஆச்சா இல்லையா?

எலில நல்ல அறிகுறி இருக்கு. மனுஷங்ககிட்ட இன்னும் ப்ரூவ் ஆகல. "வேலை செய்யவே செய்யாது"ன்னும் ப்ரூவ் ஆகல, அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி எங்க சித்தப்பா சண்டைக்கு வருவாரு.

எலிக்கு வேலை செஞ்சா நமக்கும் செய்யும்தானே? எல்லா மருந்தும் முதல்ல எலிலதானே டெஸ்ட் பண்றாங்க?

நல்ல கேள்வி. 1999ல தைவான்ல பண்ணின ஒரு ஆராய்ச்சிய எடுத்துக்குவோம். கைனிக் ஆசிட்னு ஒரு பொருள், கடல்பாசிலேர்ந்து முதல்ல எடுத்தது, அதை எலிக்கு ஊசி போட்டா மூளை கொதிச்சுப் போயி வலிப்பு வரும். நனைஞ்ச நாய் உடம்ப உதறுமே, அந்த மாதிரி எலி உதற ஆரம்பிக்கும், ஆராய்ச்சியாளருங்க பக்கத்துல உக்காந்து அந்த உதறலை எண்ணுவாங்க. சும்மா விட்ட எலிக்கு 27 நிமிஷத்துல உதறல் ஆரம்பிச்சுது, கோ-தெங் குடுத்த எலிக்கு 40 நிமிஷம் ஆச்சு, உதறலோட எண்ணிக்கையும் கொறஞ்சுது. கோ-தெங் டோஸை பாதியாக்கி தியென்மா சேத்துக் குடுத்தப்பவும் பலன் இருந்துது. நிஜமாவே சுவாரஸ்யமான ரிசல்ட். ஆனா கவனிங்க, தள்ளிப்போச்சு, கொறஞ்சுது, அவ்ளோதான். அதுவும் வெஷத்தை ஊசி போட்டு வரவெச்ச வலிப்பு, வருஷக்கணக்கா தானா வர்ற வலிப்பு கிடையாது.

டோஸ் கணக்கும் பாருங்க. எலிக்கு குடுத்தது ஒரு கிலோ எடைக்கு 1 கிராம் எக்ஸ்ட்ராக்ட். எலி டோஸை மனுஷ டோஸா மாத்த ஏறக்குறைய 6ஆல வகுப்பாங்க, 60 கிலோ ஆளுக்கு சுமார் 10 கிராம் எக்ஸ்ட்ராக்ட் வரும். சீன அரசோட மருந்துக் கையேடு சொல்றது கோ-தெங் நாளைக்கு 3லேர்ந்து 12 கிராம், அதுவும் காஞ்ச முள்ளோட எடை, எக்ஸ்ட்ராக்ட் எடை இல்ல. ஒரு கிராம் எக்ஸ்ட்ராக்ட் எடுக்க பல கிராம் முள்ளு வேணும். அப்ப கஷாயத்துல கெடைக்கறதும் எலிக்கு குடுத்ததும் ஒண்ணா?

எலி டெஸ்ட் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. ஃபெனிடாயின்னு ஒரு வலிப்பு மாத்திரை, அது 1938ல பூனைக்கு கரண்ட் ஷாக் குடுத்து டெஸ்ட் பண்ணித்தான் வந்துது. இன்னிக்கு வலிப்புக்கு நெறையப் பேரு சாப்பிடற லெவெடிராசெட்டம், அந்த வழக்கமான ஷாக் டெஸ்ட்டுல ஃபெயில் ஆன மருந்து, ஆனா மனுஷனுக்கு நல்லா வேலை செய்யுது. விலங்கு டெஸ்ட் ரெண்டு பக்கமும் ஏமாத்தும்.

உள்ள என்னதான் சத்து இருக்கு? எப்படி வேலை செய்யுதாம்?

தியென்மால முக்கியமானது காஸ்ட்ரோடின். மூளைல காபான்னு ஒண்ணு இருக்கு, பிரேக் மாதிரி. அந்த காபாவை உடைக்கற என்சைமை காஸ்ட்ரோடின் கொறைக்குதுன்னு பிறவிலயே வலிப்பு வர்ற ஜெர்பில் எலிங்ககிட்ட பாத்திருக்காங்க, 2003ல. பிரேக் ஆயில் லீக் ஆகறதை அடைக்கற மாதிரின்னு வெச்சுக்கலாம். கோ-தெங்ல இருக்கற ரிங்கோஃபில்லின் வேற வழி, நரம்பு செல்லுக்குள்ள கால்சியம் போற கதவை மூடுது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "எப்படி வேலை செய்யலாம்"ங்கற விளக்கம் வேற, "வேலை செஞ்சுது"ங்கற ஆதாரம் வேற. இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுலதான் பாதி வீடியோ ஓடுது.

சீனாவுல ஆயிரம் பேருக்கு மேல குடுத்து டெஸ்ட் பண்ணி சக்ஸஸ்னு வீடியோல சொன்னாங்களே?

அந்த ஆயிரம் இங்கேர்ந்துதான் வந்துதுன்னு எனக்குத் தோணுது. காக்ரேன்னு ஒரு அமைப்பு, உலகத்துல நடந்த டெஸ்ட்டையெல்லாம் சேத்து சல்லடை போட்டு பாக்கறவங்க. 2009ல சீன மருந்தும் வலிப்பும்னு பாத்தாங்க. சல்லடைல தேறினது மொத்தமே 5 டெஸ்ட்டு, 1125 பேரு. சீன மருந்து குடுத்தவங்களையும் ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் மாதிரி மாத்திரை குடுத்தவங்களையும் ஒப்பிட்டது. அதுல தியென்மா பேர்லயே ஒரு கேப்ஸ்யூலும் இருந்துது.

சீன மருந்து ஜெயிச்ச மாதிரிதான் நம்பர் வந்துது. ஆனாலும் காக்ரேன் முடிவு, இதை வெச்சு சிபாரிசு பண்ண ஆதாரம் பத்தாது. ஏன்னா எல்லாமே கொஞ்ச காலம்தான் ஓடினது, டெஸ்ட் நடத்தின விதமும் சுமார். வலிப்புல "நின்னுடுச்சு"ன்னு சொல்ல மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும். இன்னொண்ணும் சொல்றேன், 1998ல அக்குபங்சர் டெஸ்ட்டுங்களை நாடு வாரியா எண்ணிப் பாத்தப்ப சீனாவுலேர்ந்து வந்தது ஒண்ணு விடாம பாசிட்டிவ். எல்லா பசங்களும் 100 மார்க்குன்னா பசங்களைப் பாராட்டறதா, பேப்பர் திருத்தின வாத்தியாரைப் பாக்கறதா?

எங்க எதுத்த வீட்டுப் பொண்ணுக்கு இதைக் குடிச்சு பாதியா கொறஞ்சுது. கண்ணால பாத்தேன். அதுக்கு என்ன சொல்றீங்க?

கொறஞ்சது பொய்யுன்னு சொல்லவே மாட்டேன். ஆனா ஒரு நம்பரைப் பாருங்க. 2017ல ட்ராவெட் சிண்ட்ரோம்னு ரொம்ப மோசமான வலிப்பு இருக்கற 120 புள்ளைங்களுக்கு கஞ்சா செடிலேர்ந்து எடுத்த சிபிடி மருந்த டெஸ்ட் பண்ணாங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற டம்மி, யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது அம்மாவுக்கும் தெரியாது. டம்மி குடிச்ச புள்ளைங்கள்ல 27 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியோ அதுக்கும் மேலயோ கொறஞ்சுது. டம்மிங்க! ஒண்ணுமே இல்லாதது!

ஏன்னா வலிப்பு ஏறி இறங்கற நோய். ரொம்ப மோசமா இருக்கற மாசத்துலதான் புதுசா எதையாவது தேடி ஓடுவோம், அடுத்த மாசம் தானா கொஞ்சம் இறங்கும், பேரு கடைசியா குடிச்ச கஷாயத்துக்குப் போயிடும். எங்க வீட்டுலயே நடந்துது. தம்பிக்கு ஒரு வேண்டுதல் பண்ணி ரெண்டு மாசம் ஒண்ணும் வரல, மூணாவது மாசம் பாத்ரூம்ல விழுந்து புருவத்துல நாலு தையல்.

அப்ப உங்க கணக்குல நல்ல ஆதாரம்னா எப்படி இருக்கணும்?

மேல சொன்ன சிபிடி டெஸ்ட்டு மாதிரி. அதுவும் செடிதானே. மருந்து குடிச்சவங்களுக்கு மாசத்துக்கு 12.4 வலிப்பு 5.9 ஆச்சு, டம்மி குடிச்சவங்களுக்கு 14.9 லேர்ந்து 14.1, சும்மா அசைஞ்சுது. பாதியா கொறஞ்சவங்க 43 சதவீதம், டம்மில 27. இந்த வித்தியாசம்தான் மருந்தோட உண்மையான வேலை. டோஸ் கிலோவுக்கு நாளைக்கு 20 மில்லிகிராம்னு எழுதியிருக்கு, தூக்கம், வயித்துப்போக்கு, லிவர் தொல்லைன்னு கெட்டதையும் எழுதியிருக்கு. 2018ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சுது. தியென்மாவுக்கு இப்படி ஒண்ணு வரட்டும், முதல் ஆளா நானே கடையில அடுக்கறேன்.

டம்மி குரூப் ஏன் வேணும்னு கேட்டா வால்ப்ரோயேட் கதைதான் சொல்லுவேன். 1960கள் ஆரம்பத்துல பிரான்ஸ்ல கிரெனோபிள்ல வேற வேற பொருளை வால்ப்ரோயிக் ஆசிட்ல கரைச்சு டெஸ்ட் பண்ணாங்க. எதைக் கரைச்சாலும் வலிப்பு நிக்குது. அப்புறம்தான் தெரிஞ்சுது, வேலை செஞ்சது கரைச்ச பொருள் இல்ல, கரைக்கப் பயன்படுத்தின தண்ணி மாதிரி நெனச்ச அந்த ஆசிட்டே!

மலேரியாவுக்கு சீன மூலிகைலேர்ந்துதானே நோபல் பரிசு மருந்து வந்துது? அதை மட்டும் ஒத்துக்கறீங்க?

ஒத்துக்கறேன், சந்தோஷமா. து யோயோ அம்மா 2015ல நோபல் வாங்கினாங்க. ஆனா அவங்க "பழைய நூல்ல இருக்கு, எல்லாரும் குடிங்க"ன்னு சொல்லல. பழைய நூல்லேர்ந்து ஒரு துப்பு எடுத்தாங்க, கொதிக்க வெச்சா கெட்டுப்போகுதுன்னு புரிஞ்சு கம்மி சூட்டுல ஈதர்ல எடுத்தாங்க, ஆர்டிமிசினின்னு ஒத்தைப் பொருளா பிரிச்சாங்க, மனுஷங்ககிட்ட டெஸ்ட் பண்ணாங்க. தியென்மா அந்தப் பாதைல முதல் ரெண்டு மைல் கல்லு தாண்டியிருக்கு. காஸ்ட்ரோடினை ஒத்தைப் பொருளா பிரிச்சு சீனாவுல மாத்திரையா, ஊசியா தலைசுத்தல் தலைவலிக்கு குடுக்கறாங்க. வலிப்புக்குத்தான் மேல சொன்ன தரத்துல டெஸ்ட் இல்ல.

மூலிகைதானே, சைட் எஃபெக்ட் இருக்காதுல்ல?

எனக்கு ரொம்ப பயம் இங்கதான். தியென்மா தனியா, நிஜ சரக்கா இருந்தா பெரிசா கெடுதல் பண்றதா தெரியல. பிரச்சனை "வலிப்புக்கு"ன்னு ரெடிமேடா வர்ற உருண்டைலயும் கேப்ஸ்யூல்லயும். 2000ல ஹாங்காங்லேர்ந்து ஒரு ரிப்போர்ட் வந்துது, வலிப்பு இருக்கற ஒருத்தருக்கு ஃபெனிடாயின் வெஷமாயிடுச்சு. காரணம் அவர் சாப்பிட்ட சீன ரெடிமேட் மருந்து, அதுக்குள்ள இங்கிலீஷ் மருந்தையே அரைச்சுப் போட்டிருந்தாங்க. அதான் சில உருண்டை "டக்குனு" கேக்குது! ஃபெனிடாயினுக்கு ரத்தத்துல ஒரு மில்லிக்கு 10லேர்ந்து 20 மைக்ரோகிராம்தான் எடம், அதுக்கு மேல போனா நடை தள்ளாடும், கண்ணு ஆடும், பேச்சு கொழறும்.

ரெண்டாவது சின்னபார். பழைய முறைப்படியே பண்றோம்னு பெருமையா போட்டிருக்கற உருண்டைல அந்த பாதரசமும் பழைய முறைப்படியே இருக்கலாம். அப்புறம் கோ-தெங் பிரஷரைக் கொறைக்கும், ஏற்கனவே பிரஷர் மாத்திரை போடறவங்க அதையும் கணக்குல வெச்சுக்கணும்.

சரி, மாத்திரையை விடாம கூடவே இதையும் சாப்பிட்டா?

மாத்திரையை நிறுத்திட்டு மூலிகை மட்டும் குடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல, ஆனா டாக்டருக்குத் தெரியாம வேண்டாம். சமையல் சாமான் கூட வலிப்பு மாத்திரையோட விளையாடும். 1987ல ஒரு ஆராய்ச்சில நாளைக்கு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகோட காரம், 7 நாள் குடுத்தாங்க, ஃபெனிடாயின் ரத்தத்துல கூடுதலா ஏறுச்சு. மிளகுல பைப்பரின் 100க்கு 5 பங்கு மாதிரி, கணக்கு போட்டா அரை கிராம் மிளகு கூட வேண்டாம். பயந்து ரசத்தை நிறுத்தாதீங்க, தெனமும் சாப்பிடறவங்களுக்கு ரசத்தோட சேத்துத்தான் டோஸ் செட் ஆகியிருக்கும். திடீர்னு புதுசா ஒண்ண ஆரம்பிக்கறதும் நிறுத்தறதும்தான் தொல்லை. (மிளகைப் பத்தி பேசினதால சொல்றேன், பைப்பரினை ஒட்டியே சீனாவுல ஆன்டிஎபிலெப்சிரின்னு ஒரு வலிப்பு மருந்தே பண்ணாங்க. அங்க வெள்ளை மிளகும் முள்ளங்கியும் கிராமத்து வலிப்பு வைத்தியமாம்.)

மாத்திரை சாப்பிட்டு பொண்ணு மந்தமா ஆயிட்டா. நிறுத்திட்டு மூலிகை மட்டும் மூணு மாசம் பாக்கலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன். திடீர்னு நிறுத்தினா வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா வந்து நிக்காமலே போகலாம், 5 நிமிஷம் தாண்டினா அது எமர்ஜென்சி, உயிர் போகலாம். மந்தம்னா டாக்டர்கிட்ட அதையே சொல்லுங்க, டோஸ் கொறைக்கலாம், மருந்து மாத்தலாம், மெதுவா, படிப்படியா.

அப்படி வலிப்பு வந்துட்டா கைல சாவிக்கொத்து, இரும்பு ஒண்ணும் வேண்டாம். ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க.

நம்ம வசம்பும் சீனாக்காரங்க வலிப்புக்கு குடுக்கறாங்களாமே? அப்ப வீட்டுலயே இருக்கே!

அவங்க குடுக்கறது வசம்போட ஒண்ணுவிட்ட தங்கச்சி, ஷி-ச்சாங்-பூன்னு பேரு. மேல சொன்ன திங்ஷியென் உருண்டைலயும் அது உண்டு. ஆசரோன்னு ஒரு பொருள் ரெண்டுலயும் இருக்கு, எலி டெஸ்ட்டும் இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு நாலாவது அஞ்சாவது கேள்விலயே பேசிட்டோம். ஆனா பீட்டா-ஆசரோன் எலிக்கு கேன்சர் வரவெச்சதால அமெரிக்காவுல 1968லயே வசம்பை சாப்பாட்டுல சேக்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. கொழந்தைக்கு வளையலா கட்டி விடறது உங்க இஷ்டம், தெனம் இழைச்சு ஊத்தறது வேண்டாம்.

இங்க தியென்மா போட்டு மீன் தலை சூப் வைக்கறாங்களே, அதையுமா சாப்பிடக்கூடாது?

தாராளமா சாப்பிடுங்க. ரெண்டு துண்டு கிழங்கு, பெரிய மீன் தலை, இஞ்சி. சூப்பு நல்லாவே இருக்கும். அதை சூப்புன்னே நெனைச்சு குடிங்க.

மூணு மாத்திரை மாத்தியாச்சு, நிக்கல. இனிமே மூலிகைதானே வழி?

இந்தக் கேள்வி வரும்போது மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். சரியான ரெண்டு மருந்து சரியான டோஸ்ல கேக்கலன்னா அதுக்கு மருந்துக்கு அடங்காத வலிப்புன்னே பேரு, மூணுல ஒருத்தருக்கு அப்படித்தான். ஆனா அதுக்கப்புறம் இருக்கற கதவு மூலிகை மட்டும் இல்ல. டெல்லி எய்ம்ஸ்ல இந்த மாதிரி 116 புள்ளைங்களை வெச்சு ஒரு டெஸ்ட், 2017ல வந்துது. ஆபரேஷன் பண்ணினவங்கள்ல ஒரு வருஷத்துல 77 சதவீதம் பேருக்கு வலிப்பே இல்ல, மருந்துல மட்டும் விட்டவங்கள்ல 7 சதவீதம். ஆபரேஷனுக்கு அபாயமும் உண்டு, எல்லாருக்கும் தோதுப்படாது, தோதுப்படுமான்னு பாக்கவே தனியா டெஸ்ட் எடுப்பாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரில இதுக்குன்னே பிரிவு இருக்கு. புள்ளைங்களுக்கு கீட்டோ டயட்டும் இருக்கு, 2008ல லண்டன்ல 145 புள்ளைங்ககிட்ட பாத்ததுல டயட் எடுத்தவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு பாதிக்கு மேல கொறஞ்சுது, எடுக்காதவங்கள்ல 6. நெய்யும் க்ரீமுமா சாப்பிடணும், சோறு கிடையாது, டயட்டீஷியன் இல்லாம வீட்டுல ஆரம்பிக்காதீங்க.

கொழந்தைக்கு பிளான் பண்றோம். வால்ப்ரோயேட் ஆபத்துன்னு படிச்சேன். அதுக்கு பதிலா தியென்மா?

ஆபத்துன்னு படிச்சது சரி. வால்ப்ரோயேட் எடுத்தா பத்துல ஒரு கொழந்தைக்கு பிறவிக் குறை, 30-40 சதவீதம் பேருக்கு வளர்ச்சில பின்தங்கல் வரலாம். அதுக்கு பதில் லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம், கர்ப்பத்துல இதுங்களோட கணக்கு எவ்வளவோ பரவாயில்ல, ஆயிரக்கணக்கான தாய்மாருங்களைப் பாத்து எழுதின கணக்கு. மாத்தறதை கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே டாக்டரோட உக்காந்து பேசுங்க, ஃபோலிக் ஆசிட்டும் கேளுங்க. ஏற்கனவே கர்ப்பம்னா நீங்களா நிறுத்தாதீங்க, அன்னிக்கே ஃபோன் பண்ணுங்க.

டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரு. ஏற்கனவே ஒரு மாசமா குடுத்துட்டு இருக்கேன், எப்படி சொல்றது?

திட்டு விழலாம். எங்க அம்மாவுக்கு விழுந்துது, இத்தனைக்கும் வெறும் வல்லாரை. ஆனா அவருக்குத் தெரியலன்னா, மூலிகைக்குள்ள ஒளிஞ்சிருக்கற மாத்திரையால ரத்தத்துல மருந்தளவு ஏறிக் கெடக்கும், அவரு நீங்க டோஸ் தப்பா போடறீங்கன்னு நெனச்சுக்குவாரு.

டப்பாவை அப்படியே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, சீன எழுத்து மட்டும் இருந்தாலும் பரவாயில்ல, லேபிளை கிழிக்காதீங்க. என்னிக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு, வலிப்பு வந்த தேதி, எத்தனை நிமிஷம், ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, முடிஞ்சா ஃபோன்ல வீடியோவும். "ரத்தத்துல மருந்தளவு ஒரு தடவை பாத்துடலாமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. ஒரு மாசமா குடுக்கறதை இன்னிக்கு ராத்திரியே திடீர்னு நிறுத்தவும் வேண்டாம், உள்ள என்ன இருக்குன்னு தெரியாதில்ல, நாளைக்கு காலைல முதல் வேலையா ஃபோன் பண்ணி கேட்டுட்டு செய்யுங்க. அதுக்குள்ள நடை தள்ளாடினாலோ பேச்சு கொழறினாலோ காத்திருக்காதீங்க, டப்பாவோட நேரா எமர்ஜென்சிக்கு.